பதினொன்றரை அடி

பால் நிலையத்துக்குத் திரும்பி இன்று ஒன்பதாம் நாள்.
ஆறு மணிக்குக் கதவு திறக்க வேண்டும்.
திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு
திறப்பைத் தேடினேன்.

முதல் கான் பவளராணியுடையது. எட்டு லீற்றர்.
பால்மானி ஆடி ஓயும்வரை பார்த்திருந்து
இருபத்தெட்டு என்று எழுதினேன்.
அடுத்தது ஐந்தரை.
மூன்றாவதை ஊற்றும்போது
பவளராணி மகளின் சாமத்தியவீட்டுக் கதையைத் தொடங்கினாள்,
மண்டபத்துக்குக் கேட்ட காசு, வராத மச்சாள்,
வெளியே லான்மாஸ்டர் ஒன்று நின்றபடியே உறுமியது,
கான்மூடி கைதவறிச் சீமெந்தில் விழுந்து
சுற்றிச் சுற்றிக் கிடந்து அதிர்ந்தது.
எல்லாம் ஒரே வாசலால் உள்ளே வந்தன.

முன்பு அந்த வாசலில் ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும்.
நீர் வாரும், நீர் கொஞ்சம் நில்லும் என்று
ஒவ்வொன்றாக விட்டிருப்பார்.
முப்பத்தாறு வருடம் அவருக்கு நான்
ஒரு தேத்தண்ணிகூடக் கொடுத்ததில்லை.

அலுப்பு என்று சொன்னால்
ஆருக்குத்தான் அலுப்பில்லை என்கிறார்கள்.
அருவி வெட்டின அலுப்பு எனக்கும் தெரியும்.
கிணற்றடியில் நாலு வாளி அள்ளி ஊற்ற இறங்கும்.
இரவுச் சோற்றுக்கு ருசி கொடுக்கும்.
இது
எழுதிக்கொண்டிருக்கும் கொப்பியை
ஆரோ ஓரத்திலிருந்து நனைப்பது.
பெயர் இருக்கும், இலக்கம் இருக்கும்,
மை மட்டும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும்.

மயிர் வளர்ந்து தையலை மூடிவிட்டது.
"ஆள் முந்தின மாதிரியே இருக்கிறாய்."
மொட்டையோடு இருந்த நாளில்
கதிரை இழுத்துப் போட்டவர்கள்தான்.

மாங்குளம் வீதியில் படுத்திருந்த மாடு
எனக்கு நினைவில் இல்லை. கறுப்பாம்.
மோட்டார் சைக்கிள் மதகுக்குள் கிடக்க
மாடு எழும்பித் தன்பாட்டில் போனதாம்.
இங்கே வரும் பாலில்
அதனுடையதும் இருக்கக்கூடும்.

நேற்றுச் சிறுபோகக் கூட்டத்தால் வந்த குகேந்திரன்
சேட்டைக் கழற்றாமலே சொன்னார்:
குளத்திலை பதினொன்றரை அடிதான்.
காற்பங்குக் காணிக்குத்தான் தண்ணி விடுவினம்.
எங்கடை மூன்று ஏக்கரிலை முக்கால்.
"ஒருத்தரும் குளத்தோடை சண்டை பிடிக்கேல்லையோ?"
"குளத்தோடையோ?"
சிரித்தார்.
பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

இரவு கலண்டர்த் தாளைக் கிழித்துப்
பின்பக்கத்தில் எழுதினேன்.
பால் நிலையம், எட்டரை வரை.
சோறு, ஒரு கறி.
போன், ஒராள். சின்னக்காவென்றால் அரைவாசி.
கடைத்தெரு இல்லை.
கீர்த்தனனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது
இல்லை என்று எழுதி
வெட்டி
ஓம் என்று எழுதி
அதையும் வெட்டி, அப்படியே விட்டிருக்கிறேன்.

எட்டு மணிபோல் பவளராணி கொப்பியை எட்டிப் பார்த்தாள்.
"இருபத்தெட்டு லீற்றரோ? என்ரை மாடு
எனக்குத் தெரியாமல் கறக்குது போல."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
சிரிப்புக்கும் தண்ணி போகிறது
என்பது சிரித்து முடியத்தான் தெரிந்தது.

பேனையை ஜெயவதனியிடம் கொடுத்தேன்.
கொடுக்க ஒன்பது நாள் சென்றது.
பின்னறையில் யன்னலைச் சாத்தி
ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு
குளிரூட்டி இரையும் ஒரே சத்தத்தை மட்டும்
உள்ளே வரவிட்டேன். கால் மணித்தியாலம்.

திரும்பி வந்தபோது வரிசையில் பத்துப் பேர்.
லான்மாஸ்டர் நின்றிருந்தது.
ஆரோ சீமெந்தில் யூரியாச் சாக்கொன்றை விரித்திருந்தார்கள்.
கான்மூடி விழுந்தது,
சத்தம் வரவில்லை.
ஆர் விரித்தது என்று கேட்கவில்லை,
கேட்டால் கதை நீளும்.

எட்டுப் பேரை நான் எழுதினேன்.
மற்ற இரண்டையும் ஜெயவதனி எழுதினாள்.